‘சி.டி.யா? அதையெல்லாம் இப்போ யார் சார் பாக்கறாங்க?’

இந்தக் கேள்வியைக் கணினிக் கடையில் நிற்கும் பையன் கேட்கிறான். விடுமுறைக்கு வரும் பேரன் கேட்கிறான். வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்யும்போது சி.டி. பெட்டியைக் கீழே இறக்கும் மருமகளும் கேட்கிறாள். கேட்பதற்குக் கேள்வி போல இருக்கிறது. ஆனால் இது தீர்ப்பு. ‘உங்களிடம் இருப்பது குப்பை, தூக்கிப் போடுங்கள்’ என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

என் பதில் இது: நான் பார்க்கிறேன் தம்பி. என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க முடியாமல் செய்தது யார், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் அதைச் சரி செய்வது எப்படி என்ற இரண்டையும் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி.டி.யை 1982-ல் சந்தைக்குக் கொண்டு வந்தவை பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு நிறுவனங்கள். 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். பிறகு டி.வி.டி. வந்தது, ப்ளூரே வந்தது. உள்ளே பிடிக்கும் சரக்கு 700 எம்.பி.யிலிருந்து 4.7 ஜி.பி.யாகி 25 ஜி.பி. ஆனது. ஆனால் தட்டின் அளவை யாரும் மாற்றவில்லை. அதனால் புது ட்ரைவ் பழைய தட்டையும் படித்தது. அந்த நம்பிக்கையில்தான் நாம் கல்யாணத்தையும் காதுகுத்தையும் பாட்டையும் பத்திரத்தையும் தட்டில் ஏற்றிப் பெட்டியில் வைத்தோம். யாரும் நம்மை ஏமாற்றிச் செய்ய வைக்கவில்லை. அன்றைக்கு அதுதான் சரியான வழி.

2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் என்ற லேப்டாப்பை உருவிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த உறைக்குள் அடங்காத ஒன்று இருந்தது: சி.டி. ட்ரைவ். அதைத் தனியாக, தனி விலைக்கு விற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போயின. இன்று கடையில் நிற்கும் லேப்டாப்புகளில் ட்ரைவ் உள்ளது எது என்று விளக்கைப் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்குத் தனி விலை சொல்லும் வியாபாரம் இது.

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ட்ரைவ் இடத்தை அடைக்கிறது. சுற்றும் மோட்டார் இருப்பதால் லேப்டாப்பில் முதலில் கெட்டுப் போகிற பொருள்களில் அதுவும் ஒன்று. இளைஞர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. எனவே எடுத்தது தவறு என்று நான் வாதாட வரவில்லை. எடுத்த விதம்தான் தவறு.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு உதவாத கோப்பாக இருந்தாலும் அதை நினைத்தவுடன் கிழித்துப் போட முடியாது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். பட்டியல் போட வேண்டும். அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரமாக வைக்க வேண்டியதை முதலில் பிரித்து எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தில் கை வைப்போம். நம்மை மந்தமானவர்கள் என்று ஊரே கேலி செய்தது. ஆனால் 40 ஆண்டுக்கு முந்தைய பணிப்பதிவேடு ஒருவருடைய ஓய்வூதியத்தைக் காப்பாற்றியபோது அந்த மந்தம்தான் காப்பாற்றியது. இந்தக் கணினிக் கம்பெனிகளோ, உலகம் முழுவதும் வீடுகளில் இருந்த பதிவுகளைப் படிக்கும் கருவியை, ‘முதலில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டன. அலுவலகத்தில் ஒரு கீழ்நிலை எழுத்தர் இப்படிச் செய்திருந்தால் குறிப்பாணை வந்திருக்கும்.

இதோடு நிற்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2012-ல் விண்டோஸ் 8 கொண்டு வந்தபோது டி.வி.டி. படம் ஓட்டும் வசதியை அதிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு விண்டோஸ் 10 காலத்தில் அதையே தனி ஆப் ஆக்கித் தன் கடையில் விலைக்கு வைத்தது. ட்ரைவ் வாங்கி இணைத்தவர்கள் பலர், ‘படம் ஓடவில்லை, தட்டு கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டியதற்கு இதுதான் காரணம். தட்டில் கோளாறு இல்லை. இதற்கு இலவச மருந்து உண்டு, பிறகு சொல்கிறேன்.

‘எல்லாத்தையும் கூகிள்ல ஏத்திடலாம் தாத்தா’ என்கிறார்கள். ஏற்றலாம். ஆனால் கணக்குப் பார்ப்போம். இலவசமாகத் தருவது 15 ஜி.பி. நிரம்பிய டி.வி.டி. மூன்று ஏற்றினால் 14.1 ஜி.பி. ஆகிவிடும். மின்னஞ்சலும் அதே இடத்தில்தான். அதற்கு மேல் மாதவாடகை. படங்களுக்கு அளவில்லாத இலவச இடம் என்று முதலில் சொல்லி, 2021 ஜூனில் அந்தச் சலுகையை நிறுத்தியதும் இதே கூகிள்தான். இன்னொன்றும் இருக்கிறது, நம் வயதுக்கு இதுதான் முக்கியம். இரண்டு ஆண்டுகள் உள்ளே நுழையாத கணக்கை அதில் உள்ள எல்லாவற்றோடும் நீக்கிவிட முடியும் என்று 2023-ல் அறிவித்திருக்கிறார்கள். நாம் கண்ணை மூடிய பிறகு நம் கணக்குக்குள் யார் நுழையப் போகிறார்கள்? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? பெட்டியில் இருக்கும் தட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, வாடகை கிடையாது. யாருடைய விதிமுறையும் மாறி அது காணாமல் போகாது.

என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர். மகள் கல்யாணம் 2003-ல். மூன்று வி.சி.டி.யாகக் கொடுத்தார்கள். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. டி.வி.டி. பிளேயரை வீடு மாறும்போது மகன் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டான். புது லேப்டாப்பில் ட்ரைவ் இல்லை. சட்டம் போட்ட படம் சுவரில் இருக்கிறது, ஆனால் படம் பேசாது. என் ட்ரைவை எடுத்துக்கொண்டு போய் அவர் லேப்டாப்பில் இணைத்து ஓட்டினேன். இரண்டாவது தட்டில் பந்தி நடக்கிறது. கேமரா யாரையோ எடுக்கிறது, பக்கத்திலிருந்து அந்த அம்மா குரல் மட்டும் கேட்கிறது: “பின்னாடி பந்தலுக்கு மோர் போச்சா?” அவ்வளவுதான். நண்பர் அதை நான்கு தடவை பின்னுக்குத் தள்ளிக் கேட்டார். நான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

‘யார் பாக்கறாங்க’ என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய ஆள் இவர்தான்.

இப்போது அவசரம் ஏன் என்று சொல்ல வேண்டும். கடையில் அச்சாகி வந்த சினிமா, பாட்டுத் தட்டுகள் வேறு; வீட்டிலோ ஸ்டுடியோவிலோ பதிவு செய்த தட்டுகள் வேறு. பதிவு செய்யும் தட்டில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. நம் ஊரோ கடற்கரை ஊர். பரணில் கோடை முழுவதும் வெந்து, ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடிக்கும் தட்டு எத்தனை காலம் தாங்கும்? இன்னொரு பக்கம், தட்டு செய்பவர்களும் கடையைக் கட்டுகிறார்கள். பதிவு செய்யும் ப்ளூரே தட்டுகள் தயாரிப்பதை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. வெளியில் இணைக்கும் டி.வி.டி. ட்ரைவ் இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் மலிவு. இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? கடைக்காரர் பெட்டியின் மேல் அச்சிட்டதைப் படித்துக் காட்டுவார். அதைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாட்டு சி.டி., கல்யாண வி.சி.டி., டி.வி.டி., ஹேண்டிகேமில் போட்ட சின்னத் தட்டு, ஸ்கேன் சென்டரில் கொடுத்த சி.டி. என்று தனித்தனியாக அடுக்குங்கள். ஸ்கேன் சி.டி.யை மறந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எடுத்த பல இடங்களில் படத்தைத் தட்டில்தான் போட்டுக் கொடுத்தார்கள். முழங்காலையும் முதுகெலும்பையும் முன்பு எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் கேட்பது அதைத்தான். அடுக்கி முடித்த பிறகு கடைக்குப் போங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பிரெஞ்சில் படித்தவனுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தட்டைப் படிக்க மட்டும் தெரிந்த கருவியை அவர்கள் ‘லெக்தேர்’ என்பார்கள்; படிப்பவர் என்று அர்த்தம். எழுதவும் தெரிந்ததை ‘கிராவேர்’ என்பார்கள். பொறிப்பவர், கல்லில் எழுத்து வெட்டுகிறவர் என்று அர்த்தம். நம் கடைகளில் இதையே டி.வி.டி. ராம், டி.வி.டி. ரைட்டர் என்கிறார்கள். கல்வெட்டைப் படிப்பவர் எல்லோருக்கும் கல்வெட்டு வெட்டத் தெரியாது அல்லவா, அது போல. ரைட்டராகவே வாங்குங்கள். இன்று பெரும்பாலும் ரைட்டர்தான் கிடைக்கிறது. அது சி.டி., வி.சி.டி., டி.வி.டி. மூன்றையும் படிக்கும்.

ப்ளூரே ட்ரைவ் வேண்டுமா? வீட்டில் ப்ளூரே தட்டு இருந்தால் மட்டும். சி.டி.யைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டி.வி.டி.க்கு 650, ப்ளூரேக்கு 405. டி.வி.டி. ட்ரைவில் அந்த மூன்றாவது லேசரே இல்லாததால் ப்ளூரேயைப் படிக்காது. ஆனால் நம் தலைமுறை வீடுகளில் ப்ளூரே தட்டு அபூர்வம். இல்லாத தட்டைப் படிப்பதற்காகப் பல மடங்கு பணம் கொடுப்பானேன்?

அடுத்தது வேகம். ஒரு கடையில் என்னிடம், “இது யு.எஸ்.பி. 3.0 சார், பத்து மடங்கு ஸ்பீடு” என்று சொல்லி விலையைக் கூட்டினார்கள். ஊரும் பேரும் வேண்டாம். இந்தக் கணக்கை மட்டும் பாருங்கள். இந்த மெல்லிய ட்ரைவ்கள் டி.வி.டி.யை 8 எக்ஸ் வேகத்தில் ஓட்டுகின்றன. ஒரு எக்ஸ் என்பது வினாடிக்கு சுமார் 1.4 எம்.பி. ஆக, மிஞ்சிப் போனால் வினாடிக்கு 11 எம்.பி. பழைய யு.எஸ்.பி. 2.0 வழியாகவே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாராளமாகப் போகும். வாய்க்கால் அகலமாக இருந்து என்ன பயன், கிணற்றில் ஊறுவது அவ்வளவுதானே? 3.0 என்று இருந்தால் கெடுதல் இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வேகத்தை விட முக்கியமானது மின்சாரம். இந்த ட்ரைவ்களுக்குத் தனி மின்கம்பி கிடையாது. லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை 900. மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்போது ட்ரைவுக்கு அதை விட அதிகம் தேவைப்படலாம். தட்டைப் போட்டதும் ‘டிக் டிக்’ என்று முனகிவிட்டு நின்று போனால், பெரும்பாலும் பசிதான் காரணம். எனவே லேப்டாப்பிலேயே நேராக இணையுங்கள். நான்கு துளை உள்ள ஹப்பில் செருகாதீர்கள், நீளமான கேபிள் போடாதீர்கள். அப்படியும் போதாவிட்டால் இரண்டு தலை உள்ள கேபிளோ, தனி மின்சாரம் எடுக்கும் ஹப்போ உதவும். உங்கள் லேப்டாப்பில் என்ன துளை இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள். சிலவற்றில் சி வகைச் சின்னத் துளை மட்டும்தான் இருக்கும். அதற்கு ஏற்ற தலை உள்ள ட்ரைவாகப் பார்த்து வாங்கினால் நடுவில் ஒரு அடாப்டர் தேவைப்படாது.

தட்டை வைத்துத் தள்ளும் மாதிரியா, வாயில் ஊட்டுவது போல உள்ளே விடும் மாதிரியா? சந்தேகமே வேண்டாம், தள்ளும் மாதிரிதான். ஹேண்டிகேம் தட்டு 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஊட்டும் மாதிரியில் அதை விட்டால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், வெளியே எடுப்பது பெரும்பாடு. தள்ளும் மாதிரியில் நடுக்குமிழில் அழுத்தி வைத்தால் உட்கார்ந்துவிடும். மின்சாரம் இல்லாமல் மாட்டிக்கொண்டாலும், முகப்பில் உள்ள ஊசித்துளையில் குண்டூசிக் கம்பியை நீட்டித் திறக்கலாம்.

அடுத்து, புதுவைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. சினிமா டி.வி.டி.களுக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தியா 5-ஆம் மண்டலம், பிரான்ஸ் 2-ஆம் மண்டலம். நம்மில் எத்தனை வீடுகளில் பிள்ளைகளும் தம்பிமாரும் அங்கே இருக்கிறார்கள்! சொல்தா வீடுகளில் கேட்கவே வேண்டாம், லூயி த ஃபுனேஸ் படங்கள் ஒரு அடுக்கு இருக்கும். அவை 2-ஆம் மண்டலத் தட்டுகளாக இருந்தால், 5-ஆம் மண்டலத்துக்கு வைத்த ட்ரைவ் அவற்றை ஓட்ட மறுக்கலாம். மண்டலத்தை மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்து முறைதான். ஐந்தாவது முறை எதில் நிற்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். ‘மாற்றவா?’ என்று திரையில் கேட்கும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அமுக்கினால் ஒரு வாரத்தில் கதை முடிந்துவிடும். இரண்டு நாட்டுத் தட்டும் நிறைய இருந்தால் இரண்டு ட்ரைவ் வாங்கி ஒன்றில் 5, மற்றதில் 2 என்று ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் எடுத்த தட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அம்மா அப்பாவுக்கு மண்டலம் கிடையாது.

பெயர் தெரியாத கம்பெனி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைக்கும் பழசும் வேண்டாம். லேசர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆப்பிள் தன் கணினிகளுக்கென்று செய்த ட்ரைவ் மலிவாகக் கிடைத்தாலும், உங்களுடையது விண்டோஸ் என்றால் எடுக்காதீர்கள். எல்ஜி, ஏசுஸ், டிரான்சென்ட் போன்ற தெரிந்த பெயர்களில் ஒன்றை ரசீதோடு வாங்குங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் லேப்டாப்பையும், வீட்டிலிருந்து ஒரு பாட்டு சி.டி., ஒரு கல்யாண வி.சி.டி., ஒரு டி.வி.டி. என்று மூன்று தட்டையும் எடுத்துப் போங்கள். மூன்றையும் அங்கேயே ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். துணிக்கடையில் புடவையைப் பிரித்துப் பார்க்காமலா வாங்குகிறோம்?

இனி அந்த இலவச மருந்து. வி.எல்.சி. என்ற மென்பொருள். தெருவில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புதான் அதன் அடையாளம். பாரிஸ் அருகே எக்கோல் சாந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் 1996-ல் தங்கள் வேலைக்காகத் தொடங்கியது, 2001-ல் எல்லோருக்கும் இலவசம் ஆனது. வி.சி.டி., டி.வி.டி. எதைப் போட்டாலும் ஓட்டும். பெரிய கம்பெனி காசுக்கு விற்றதை மாணவர்கள் சும்மா கொடுத்தார்கள். பிரெஞ்சு வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

படியெடுக்கும்போது மூன்று எச்சரிக்கை. பாட்டு சி.டி.யைத் திறந்தால் சின்னச் சின்னக் கோப்புகள் தெரியும். அவற்றை அப்படியே இழுத்துப் போட்டால் பாட்டு வராது, வருவது வெறும் அட்டவணை. மீடியா பிளேயரில் ‘ரிப்’ என்ற பொத்தானை அமுக்கித்தான் எடுக்க வேண்டும். வீட்டு டி.வி.டி.யில் ‘வீடியோ டி.எஸ்.’ என்ற ஃபோல்டரை முழுதாக எடுங்கள், உள்ளிருந்து ஒன்றிரண்டை மட்டும் பொறுக்காதீர்கள். ஹேண்டிகேம் தட்டு காலியாகத் தெரிந்தால் தூக்கி எறியாதீர்கள். பதிவு செய்த கேமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருப்பார்கள். அந்த கேமரா இருந்தால் அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

தட்டைத் துடைப்பதிலும் முறை உண்டு. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பளபளப்பான பக்கம் கீறினால் கூடப் பிழைக்கலாம். சி.டி.யில் பெயர் எழுதும் பக்கம் கீறினால்தான் ஆபத்து, ஏனென்றால் பதிவு அந்தப் பக்கத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் ‘லதா கல்யாணம்’ என்று அழுத்தி எழுதுவது லதா கல்யாணத்தின் மேலேயே எழுதுவது.

‘இவ்வளவு எதற்கு, ஸ்டுடியோவில் கொடுத்தால் பென்டிரைவில் போட்டுத் தருவார்களே’ என்பார்கள். ஐந்தாறு தட்டுதான் என்றால் கொடுங்கள். 50, 60 என்றால் தட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கூலியில் ட்ரைவே வந்துவிடும். அதோடு, மகளின் கல்யாணமும் வீட்டுப் பத்திரத்தின் படமும் உங்கள் இதயத்தின் ஸ்கேனும் முன்பின் தெரியாத ஒருவருடைய கணினியில் எதற்காகத் தங்க வேண்டும்? தட்டு ஒன்றுக்குக் கால் மணி நேரம் போல ஆகும். நாம் ஓய்வு பெற்றவர்கள். நம்மிடம் இருக்கும் ஒரே செல்வம் அந்தக் கால் மணி நேரம்தான். வாரத்துக்கு ஐந்து என்றால் 80 தட்டு நான்கு மாதத்தில் முடியும். 50 டி.வி.டி. முழுக்க நிரம்பியிருந்தாலும் 235 ஜி.பி.; 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கில் பாதி கூட இல்லை.

எடுத்த படி ஒன்றோடு நிற்கக் கூடாது. தட்டச்சு காலத்தில் கார்பன் தாள் வைத்து எத்தனை படி எடுத்தோம்? அனுப்பியது ஒன்று, கோப்பில் ஒன்று, கையிருப்பு ஒன்று. அதே கணக்குதான். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. மகனோ மகளோ வேறு ஊரில் இருந்தால் அவர்களிடம் ஒன்று. பழைய தட்டு அதன் உறையில் நிழலான அலமாரியில் ஒன்று. படியெடுத்தாயிற்றே என்று மூலத்தை எறிபவன் குமாஸ்தாவாக இருக்கவே லாயக்கில்லை. கூகிளிலும் ஏற்ற வேண்டுமென்றால் தாராளமாக ஏற்றுங்கள், நான்காவது படியாக.

இனிமேல் யாராவது ‘சி.டி.யெல்லாம் யார் சார் பாக்கறாங்க’ என்று கேட்டால் வாதாடிக் கொண்டிருக்காதீர்கள். கேட்பவரின் பிறந்தநாளோ, காதுகுத்தோ, பள்ளி ஆண்டு விழாவோ அந்தப் பெட்டியில் நிச்சயம் இருக்கும். ட்ரைவை இணைத்து அதைப் போடுங்கள். பாட்டி மடியில் உட்கார்ந்து அழும் குழந்தையைப் பார்த்துவிட்டு, எழுந்து போக முடிந்தால் போகட்டும்.